உடலைப் பார்க்கக் கற்றவர்கள்



ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு தொடங்கிவிட்டது. விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகள் மலையேறிவிடுகின்றன. சாரலும் நின்றபாடில்லை. ஊரே வேலையில் மூழ்கிக் கிடக்கும் மாதத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் நிகழ்த்துகலைக்கும் ஒளிப்படக் கலைக்கும் ஒரு சிறப்பிதழ் எதற்கு என்று போடிமெட்டிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அக்கறையோடு கேட்டிருக்கிறார். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கடிதத்தின் சாரம். இந்தப் பக்கம் முழுவதையும் அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன்.

சம்பந்தம் திருவண்ணாமலையில் இருக்கிறது.

1950 ஏப்ரல் மாதம். மதுரையிலிருந்து பதினாறு வயதில் ரயிலேறி அருணாசலத்துக்குப் போன ரமணர், கையில் வந்த புற்றுக்கட்டியால் கடைசி நாட்களில் இருந்தார். தரிசனத்துக்கு ஆசிரமத்தில் திரண்டிருந்த கூட்டத்தில் சிறிய லைக்கா கேமராவோடு ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். அவர் பெயர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். 1947-இல் நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற ஒளிப்படக் கலைஞர்களின் கூட்டுறவைத் தொடங்கியவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய சற்று நேரத்தில் கொலைச் செய்தி கேட்டு மறுபடி பிர்லா மாளிகைக்கு ஓடியவர். ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமணர் மறைந்த வேளையில், ஓர் எரிநட்சத்திரம் ஒளிவாலோடு வானில் நகர்ந்ததைப் பார்த்ததாகவும், உடனே கைக்கடிகாரத்தில் மணி பார்த்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அதே மாதம் புதுச்சேரிக்குப் போய், பல ஆண்டுகளாகப் படமெடுக்க யாரையும் அனுமதிக்காமலிருந்த அரவிந்தரையும் எடுத்தார்.

நட்சத்திரக் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வேலை செய்த விதம். ஃபிளாஷ் கிடையாது. இப்படி நில், அப்படித் திரும்பு என்ற அதிகாரம் கிடையாது. எடுத்த சட்டகத்தைப் பிறகு வெட்டிச் சரிசெய்வதையும் அவர் வெறுத்தார். மனிதர்கள் தங்கள் வேலையில், தங்கள் துக்கத்தில், தங்கள் பிரார்த்தனையில் இருக்கும்போதே உடம்பின் கோணமும் ஒளியும் பொருந்திவரும் கணத்துக்காகக் காத்திருப்பார். 1952-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலும் இந்தக் கணத்தைப் பற்றியதுதான். அவருடைய அப்போதைய மனைவி ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். ஆடும் உடலைத் தினமும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண் அது. 1954-இல் பாலித் தீவின் நடனங்களைப் பற்றி அவர் வெளியிட்ட படநூலில் அந்தோனன் ஆர்த்தோ எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ஆர்த்தோ 1931-இல் பாரிஸில் பாலி நடனத்தைப் பார்த்தவர். வசனத்தின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த ஐரோப்பிய நாடகத்தை உடலின் பக்கம் திரும்பச் சொன்னவர். போருக்குப் பிறகு அங்கே எழுந்த புதிய அரங்கில் அவரைப் படிக்காதவர்கள் குறைவு.

கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் நின்ற அதே காலத்தில், போலந்தில் ஒரு பள்ளி மாணவன் இருந்தான். பெயர் யெர்சி க்ரோட்டோவ்ஸ்கி. 1933-இல் பிறந்தவன். நாஜி ஆக்கிரமிப்பின்போது அம்மாவோடும் அண்ணனோடும் ஒரு கிராமத்தில் ஒதுங்கி வாழ்ந்தான். ஆசிரியையான அந்த அம்மா பிள்ளைகளுக்காக எங்கிருந்தோ புத்தகங்கள் தேடிக் கொண்டுவருவார். அவற்றில் ஒன்று பால் பிரண்டன் இந்தியாவைப் பற்றி எழுதியது. ரமணரையும் அருணாசலத்தையும் வெளிநாட்டாருக்கு அறிமுகப்படுத்திய புத்தகம். போரும் பசியும் சூழ்ந்த கிராமத்தில் அந்தப் பிள்ளைக்குள் நுழைந்த நம்ம ஊர் மலை, கடைசிவரை அவனை விட்டு அகலவில்லை.

வளர்ந்து இயக்குநரானதும் க்ரோட்டோவ்ஸ்கி ஓப்போலே என்ற சிறிய நகரத்தில் 1959-இல் பதின்மூன்று வரிசை அரங்கம் என்ற குட்டி அரங்கத்தின் பொறுப்பை ஏற்றார். ஆஷ்விட்ஸ் வதைமுகாம் இருந்த இடம் அங்கிருந்து அதிக தூரமில்லை. 1962-இல் அவர் அரங்கேற்றிய 'அக்ரோபொலிஸ்' நாடகத்துக்கு வடிவமைப்பாளர் யூசெஃப் ஷைனா. ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்து உயிரோடு திரும்பியவர். நடிகர்கள் கந்தலான சாக்குத்துணியும் மரக்கட்டைச் செருப்பும் அணிந்து, பார்வையாளர்களுக்கு நடுவிலேயே இரும்புக் குழாய்களைத் தூக்கிவந்து மாட்டிக்கொண்டே இருப்பார்கள். வேலை, வேலை, வேலை. ஏதோ ஒரு கட்டடம் எழுகிறது. கடைசியில் அதற்குள் அவர்களே போய் மறைகிறார்கள்.

அந்தத் தலைமுறைக்குச் சொற்கள்மேல் நம்பிக்கை போயிருந்தது. பண்பாடு, நாகரிகம், தேசம் என்ற பெரிய சொற்களையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அதனால் சொல்லை எதில் உரசிப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. க்ரோட்டோவ்ஸ்கி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். திரைச்சீலை வேண்டாம், ஒப்பனை வேண்டாம், விளக்கு ஜாலம் வேண்டாம், பதிவு செய்த இசை வேண்டாம். எல்லாம் போன பிறகும் ஒரு நடிகரும் அவரைப் பார்க்கும் ஒருவரும் மிஞ்சினார்கள். அதைத்தான் அவர் 'ஏழை அரங்கு' என்றார். அவருடைய நடிகர் ரிஷார்ட் சியெஸ்லாக், 1965-இல் வந்த 'கான்ஸ்டன்ட் பிரின்ஸ்' நாடகத்தில் ஏறக்குறைய வெற்றுடம்போடு நடித்தார். அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் விலா எலும்பும் கழுத்து நரம்பும் பேசுகின்றன. நாடகம் நடந்த அறையில் சில டஜன் பேருக்குத்தான் இடம். உலகம் அவரைத் தெரிந்துகொண்டதில் ஒளிப்படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

க்ரோட்டோவ்ஸ்கி 1999-இல் இத்தாலியில் காலமானார். அவர் விருப்பப்படி அஸ்தி அருணாசலத்தில் தூவப்பட்டது. கிரிவலம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இருபதாம் நூற்றாண்டு நாடகத்தைப் புரட்டிப்போட்டவர்களில் ஒருவர் தமிழ்நாட்டு மண்ணில் கலந்திருக்கிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நம் மெட்டைத் தாண்டிய பக்கத்திலும் ஒரு கதை உண்டு. க்ரோட்டோவ்ஸ்கியின் மாணவரும் நண்பருமான யூஜெனியோ பார்பா 1963-இல் செறுதுருத்தியில் உள்ள கேரள கலாமண்டலத்துக்கு வந்தார். கதகளி மாணவர்கள் விடியற்காலையில் கண்ணுக்கும் காலுக்கும் செய்யும் பயிற்சிகளைக் குறித்துக்கொண்டு போலந்துக்குத் திரும்பினார். பாரிஸில் அரியான் நுஷ்கின் நடத்தும் சூரிய அரங்கம், 2016-இல் வந்த தன் இந்தியா பற்றிய நாடகத்துக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் தெருக்கூத்து கற்றது. நா. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பார்த்து மனம் மாறி, 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியது நம் பக்கத்துக் கதை.

இதையெல்லாம் 'பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமிருந்து எடுத்ததுதான்' என்று மார்தட்டுவதற்காகச் சொல்லவில்லை. எடுத்தவர்கள் கொடுத்தவர்களின் பெயரைச் சொன்னார்களா, கூலி சரியாகக் கொடுத்தார்களா, சடங்கைப் பிய்த்து அழகுப் பொருளாக்கினார்களா என்ற கேள்விகளை ருஸ்தம் பரூச்சா போன்ற நம் விமர்சகர்கள் கடுமையாகவே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகள் எனக்கும் வேண்டும். நாமே கேமராவைத் தூக்கும்போது நம்மை நோக்கியும் கேட்டுக்கொள்ள வேண்டியவை அவை.

அதே பரூச்சா 1995-இல் ஒரு முழு நூல் எழுதியது சந்திரலேகாவைப் பற்றி. இந்த இதழின் நடுப்பகுதி முழுவதும் அவருக்குத்தான். ஐரோப்பாவின் புதிய கலையோடு சமமாக எதிரே உட்கார்ந்து பேசியவர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்வேன்.

1928-இல் மகாராஷ்டிரத்தில் பிறந்த சந்திரலேகா, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றார். 1952-இல் அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. 'மதுரா நகரிலோ' ஆடிக்கொண்டிருக்கிறார். யமுனையின் நீர், கோபியரின் நீர்விளையாட்டு, தெறிக்கும் துளிகள் என்று கையிலும் கண்ணிலும் தண்ணீர் பெருகுகிறது. அந்த நேரத்தில் செய்தித்தாளில் பார்த்த படங்கள் அவருக்குள் வந்து நின்றன. வெடித்துக் கிடந்த நிலம். தகரக் குவளையோடு தண்ணீருக்காக வளைந்து வளைந்து நின்ற வரிசை. ஆடிக்கொண்டிருந்த உடல் ஒரு கணம் உறைந்துபோனது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எதற்காக ஆடுகிறேன் என்ற கேள்வி அன்று பிறந்தது.

செய்தித்தாளில் வந்த ஒளிப்படம் மேடையில் ஆடும் உடலை நிறுத்திவிட்டது. நிகழ்த்துகலைக்கும் ஒளிப்படத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சம்பவம் எனக்குத் தெரிந்து ஐரோப்பாவிலும் இல்லை.

பிறகு நெடுங்காலம் அவர் மேடையிலிருந்து விலகியே இருந்தார். பெண்கள் இயக்கம், சுவரொட்டி வடிவமைப்பு, எழுத்து என்று வேறு பாதைகளில் நடந்தார். 1984-இல் மும்பையில் மாக்ஸ் முல்லர் பவன் நடத்திய கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பு அவரைத் திரும்ப அழைத்துவந்தது. ஜெர்மனியின் சுசன்ன லிங்கே போன்றவர்கள் கலந்துகொண்ட கூட்டம். அடுத்த ஆண்டே 'அங்கிகா' என்ற படைப்பு வந்தது. கடவுளர் கதை இல்லை, நாயகியின் ஏக்கம் இல்லை, நகை இல்லை. பரதத்தின் அடவும் யோகமும் களரியும் மட்டும் இருந்தன. போலந்தில் ஒருவர் கழித்துக் கழித்து வந்து சேர்ந்த இடத்துக்கு, சென்னை எலியட்ஸ் கடற்கரையில் ஒரு பெண் தன் வழியில் வந்து சேர்ந்திருந்தார். ஒரு வித்தியாசம் உண்டு. க்ரோட்டோவ்ஸ்கியின் உடல் வதைபட்ட உடல். சந்திரலேகாவின் உடல் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, தன் பலத்தைத் தானே கண்டுகொள்ளும் உடல். எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம். நம் ஊர்ப் பெண்களின் நடையில் நான் பார்ப்பதும் அதையே.

வூப்பர்டால் நகரில் 1973 முதல் நடன அரங்கை நடத்திய பினா பவுஷ் அவருக்கு உற்ற தோழியானார். மேடை முழுக்க மண்ணைக் கொட்டி அதில் நடனக்காரர்களை ஆடவிட்டவர் பினா. 1994-இல் 'யந்த்ரா' என்ற படைப்பை அவருக்கே காணிக்கையாக்கினார் சந்திரலேகா. 2001-இல் 'சரீரா'. 2006 டிசம்பரில் மறைந்தார்.

அவரைச் சுற்றியிருந்த வட்டத்தில் கேமரா எப்போதும் இருந்தது. நெடுநாள் தோழர் தசரத் படேல், சென்னை ஓவியக் கல்லூரியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று பாரிஸுக்குப் போனவர். கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் ஊக்கத்தால் ஒளிப்படத்துக்கு வந்தார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். சதானந்த் மேனன் ஒளிப்படக் கலைஞர், விமர்சகர். சந்திரலேகாவின் மேடைகளுக்கு ஒளி அமைத்தவரும் அவரே. ஆடும் உடலின்மேல் ஒளி எங்கே விழ வேண்டும் என்று தெரிந்தவருக்குப் படத்தில் எதை விட வேண்டும் என்பதும் தெரியும்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

போடிமெட்டு என்று தேடினால் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடைக்கின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், பஞ்சுமேகம், கீழே மங்கலாகத் தெரியும் போடி, பைக்கில் சாய்ந்து நிற்கும் இளைஞர்கள். அழகு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்களின் முகத்தை அந்தப் படங்களில் தேடிப் பார்த்தேன். அபூர்வம். ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்வது. காய் எடுக்கிறவர் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க முடியும். ஒரு தூர் முடிந்ததும் எழுந்து நடப்பதைவிட அப்படியே நகர்ந்து அடுத்த தூருக்குப் போவது சுலபம். தலையில் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ கொங்காணியாக மடித்துப் போட்டிருப்பார்கள். விரல்கள் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிக்கும். பிஞ்சில் கை படாது. இதை ஒரு நாள் முழுக்கச் செய்யும் முதுகையும் முழங்காலையும் சந்திரலேகா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

எனவேதான் இந்தச் சிறப்பிதழ், போடிமெட்டு நண்பரே. போரில் நொறுங்கிய ஒரு கண்டம் மனித உடலை முதலிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டது. அதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. அந்தப் பார்வையை நம் தோட்டத்துக்கும் நம் ஏலக்காய்க் கோடவுனுக்கும் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

தொடக்கம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் இளம் வாசகர் ஒருவர், தன் அம்மா வேலை செய்யும் கோடவுனில் ஃபோனில் எடுத்த படங்களை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு படத்தில் சல்லடைக்கு முன்னால் வரிசையாகக் குனிந்த முதுகுகள். மேலே தகரத்தில் பதித்த கண்ணாடி வழியாக விழும் ஒளி, ஐந்து புடவைகளில் ஒன்றை மட்டும் தொடுகிறது. யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. இந்த இதழின் அட்டை அதுதான். அவர் படமெடுக்கும்போது ஓர் அக்கா கேட்டாராம்: "எல்லாரும் எடுத்துட்டுப் போறீங்க, எங்களுக்கு ஒண்ணு கையில குடுப்பியா தம்பி?" இந்த இதழ் அச்சானதும் முதல் பிரதிகள் அந்தக் கோடவுனுக்குத்தான் போகின்றன. கூடவே ஆளுக்கொரு பெரிய அளவுப் படம்.

ஒரு வேண்டுகோள். ஜெர்மனியில் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்ற தம்பதியர் 1959-இலிருந்து பல பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் படமெடுத்தார்கள். மேகமூட்டமான வெளிச்சம், நேர் எதிர்ப் பார்வை. ஒரே மாதிரியான படங்களை அடுக்கி வைத்தபோது, யாரும் திரும்பிப் பார்க்காத கட்டடங்களுக்கு முகம் வந்தது. அவர்கள் எடுத்தவற்றில் பல இன்று இல்லை. நம்மிடமும் அப்படிப் போனவை உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலில் வந்த தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோனது. 1928-இல் வந்த மதுரை-போடி ரயில் பாதையின் மீட்டர்கேஜ் காலம் 2010-இல் முடிந்தது. அகலப்பாதையில் போடிக்கு ரயில் திரும்ப 2023 ஜூன் ஆகிவிட்டது. பழைய ஏலக்காய் ஸ்டோர்களும், விறகு மூட்டிய அடுப்புகளும் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் இவற்றின் பழைய படம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம்.

நமக்காகப் புதிய படங்கள் எடுத்து அனுப்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். யாரை எடுத்தாலும் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுவோம். எடுத்தவரின் பெயருக்கு என்ன எழுத்தளவோ அதே அளவில் போடுவோம். குழந்தைகளை எடுக்க வேண்டாம். வளைவுச் சுவர்களில் ஏறி நின்று எடுப்பதும் எடுக்கப்படுவதும் வேண்டவே வேண்டாம். 1960-இல் ஈவ் க்ளைன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் மாடியிலிருந்து வெட்டவெளியில் பாயும் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. இந்த இதழில் அதைப் பற்றிய கட்டுரையும் இருக்கிறது. அந்தப் படம் இரண்டு படங்களை இருட்டறையில் ஒட்டிச் செய்தது. கீழே நண்பர்கள் தார்ப்பாய் பிடித்து நின்றார்கள். மெட்டுச் சரிவில் தார்ப்பாய் பிடிக்க யாரும் இல்லை, தம்பிகளே. உங்களை நாங்கள் இழக்க முடியாது.

படங்கள் ஐப்பசி முடிவதற்குள் வந்து சேர வேண்டும். தேர்வான படங்களைத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டில், ஜீப்புகள் நிற்கும் இடத்தையொட்டிக் கயிறு கட்டி மாட்டுவதாக இருக்கிறோம். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வந்து முதலில் பார்க்கட்டும்; மற்றவர்கள் பதினோரு மணிக்கு மேல் வரலாம். கட்டணம் இல்லை. படத்தில் இருப்பவர்கள் தங்கள் படத்தை மாலையில் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
ஆசிரியர்